குந்தித் தின்றவர்கள்

முதல் உலகப் போர் தொடங்கியபோது மார்செல் மோஸுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. சமூகவியலை ஒரு துறையாக நிலைநிறுத்திய எமில் துர்கேமின் அக்காள் மகன். சம்ஸ்கிருதம் கற்றவர், பாரிசில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவர். மொழிபெயர்ப்பாளராகப் போர்முனைக்குப் போனார். அங்கே ஆஸ்திரேலிய வீரர்களோடு இருந்த நாட்களில் ஒன்றைக் கவனித்தார். நடந்து களைத்து எங்காவது நிற்பார்கள். சுற்றிலும் சேறும் தண்ணீரும், உட்கார வழியில்லை. ஆஸ்திரேலியர்களுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. அப்படியே குதிகாலின்மேல் குந்திக்கொள்வார்கள். தண்ணீர் குதிகாலுக்குக் கீழேயே நிற்கும். மோஸுக்குக் குந்த வராது. பூட்ஸோடு தண்ணீரில் நின்றுகொண்டே இருந்தார்.

1934 மே மாதம் பாரிசில் உளவியலாளர்கள் கூடிய சபையில் அவர் ஆற்றிய உரையில் இந்தக் கதை வருகிறது. நடப்பது, நீந்துவது, தூங்குவது எதுவுமே வெறும் பிறவிக் குணமல்ல. ஒவ்வொரு சமூகமும் தன் பிள்ளைகளின் உடம்புக்குப் பழக்கிவிடும் வித்தை என்பது அவர் வாதம். தன்னையே சான்றாகக் காட்டினார். அவர் நீச்சல் கற்ற காலத்தில் தண்ணீரை வாயில் இழுத்துத் துப்பிக்கொண்டே நீந்துவது வழக்கம், நீராவிப் படகு மாதிரி. அது அசட்டுத்தனம் என்று தெரிந்த பிறகும் அவரால் விட முடியவில்லை. குழந்தைகள் எல்லாரும் தாமாகவே குந்துகிறார்கள், அதை அவர்களிடமிருந்து பறித்துவிடுவது பெரிய பிழை என்றும் சொன்னார். உரையை முடிக்கும்போது யோகத்துக்கு வந்தார். இந்தியாவிலும் சீனத்திலும் மூச்சைக் கொண்டு செய்த பயிற்சிகளை யாராவது ஒழுங்காக ஆராய வேண்டும். கடவுளை நெருங்குவதாக மனிதர் உணரும் நிலைக்கும் உடம்பு வழியாக ஒரு பாதை இருக்கத்தான் வேண்டும் என்றார்.

குந்துவதில் ஆரம்பித்த பேச்சு யோகத்தில் போய் முடிந்தது பொருத்தம்தான். ஆசனம் என்ற சொல்லுக்கே உட்காருதல், உட்காரும் இடம் என்பதுதான் பொருள். அரசன் ஏறி அமரும் சிம்மாசனமும், யோகா வகுப்பில் நாக்கை வெளியே தள்ளிச் செய்யும் சிம்மாசனமும் ஒரே சொல். பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் இருநூறுக்குச் சற்றுக் குறைவான சூத்திரங்கள் உண்டு. ஆசனத்துக்கு அவர் ஒதுக்கியது மூன்றே மூன்று. ஆடாமல், வருத்திக்கொள்ளாமல் உட்கார், அவ்வளவுதான். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் பத்மாசனம், பத்திராசனம், குக்குடாசனம், சிம்மாசனம் என்று பெயர் சொல்லிப் போகிறது. எல்லாம் உட்கார்ந்த நிலையில் தொடங்குபவை. பதினைந்தாம் நூற்றாண்டின் ஹட யோகப் பிரதீபிகையில் பதினைந்து ஆசனங்கள். அவற்றிலும் பெரும்பாலானவை அமர்ந்தோ கிடந்தோ செய்பவை. இன்று யோகா என்றதும் கண்முன் வரும் நிற்கும் ஆசனங்களும் சூரிய நமஸ்காரமும் முன்வரிசைக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். சூரிய நமஸ்காரத்தை ஊரெல்லாம் பரப்பியவர் ஔந்த் சமஸ்தானத்தின் ராஜா. மைசூர் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியார் பிள்ளைகளுக்கு விறுவிறுப்பான வரிசைகளைக் கற்பித்தது 1930களில். அதற்கு முன்னால் யோகி என்றால் உட்கார்ந்திருப்பவர்.

மோஸ் கேட்ட ஆராய்ச்சியில் உட்காரும் பங்கைக் கோர்டன் ஹ்யூஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் எடுத்துக்கொண்டார். 1955இல் வெளிவந்த அவரது கட்டுரை விசித்திரமான ஒரு பட்டியல். உலகெங்கும் ஏறக்குறைய 480 சமூகங்களைப் பற்றிய குறிப்புகள், புகைப்படங்கள், சிற்பங்கள் எல்லாவற்றையும் துழாவி, மனிதர்கள் எப்படியெல்லாம் உட்காருகிறார்கள், நிற்கிறார்கள் என்று கோட்டுருவங்களாக வரைந்து அடுக்கினார். மனித உடம்பு அசையாமல் நிலைத்திருக்கக்கூடிய நிலைகள் ஆயிரம் அளவில் தேறும் என்பது அவர் கணக்கு. மனிதகுலத்தில் குறைந்தது கால்வாசிப் பேர் ஆழமாகக் குந்தித்தான் கால்களுக்கு ஓய்வு கொடுக்கிறார்கள் என்றும் எழுதினார். நாற்காலியில் உட்காருவது அந்தப் பெரிய பட்டியலில் ஒரு மூலை.

தமிழிலேயே எத்தனை சொற்கள் என்று எண்ணிப் பாருங்கள். குந்துவது, குத்தவைப்பது, சம்மணம் கொட்டுவது, மண்டியிடுவது, காலை நீட்டிப் போடுவது, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காருவது. பெண் பிள்ளை பெரியவளாவதைக்கூடக் கிராமத்தில் ‘குத்தவச்சிட்டா’ என்றுதான் சொல்கிறார்கள். உட்காரும் விதம் ஒரு வயதின் பெயராகவே ஆகிவிட்டது.

குந்துவது எலும்பிலும் எழுதப்படுகிறது. முழுவதுமாகக் குந்தும்போது கணுக்கால் எவ்வளவு மடங்க முடியுமோ அவ்வளவு மடங்கும். கெண்டைக்கால் எலும்பின் கீழ் விளிம்பு முன்பக்கமாக வந்து பாதத்து எலும்பின் கழுத்தில் இடிக்கும். வாழ்நாள் முழுக்க இது நடந்தால் இரண்டு எலும்பும் சந்திக்கும் இடத்தில் வழவழப்பான சிறு தளங்கள் உண்டாகின்றன. லாகூர் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்த ஹேவ்லாக் சார்லஸ், பஞ்சாபியரின் கால் எலும்புகளில் இவற்றைக் கண்டு 1893இல் விரிவாக எழுதினார். 1975இல் எரிக் டிரிங்காஸ் என்ற ஆய்வாளர் இதே அடையாளங்களைக் கொண்டு நியாண்டர்தால் மனிதர்களும் குந்தியவர்கள்தான் என்று காட்டினார். நாற்பது ஐம்பது ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒருவர் தீயைச் சுற்றி எப்படி உட்கார்ந்திருப்பார் என்பது கணுக்காலைப் பார்த்தால் தெரிகிறது. நம்முடைய எலும்புகளைத் தோண்டி எடுப்பவர்களுக்கு அப்படி எதுவும் கிடைக்காது.

‘குந்தித் தின்றால் குன்றும் மாளும்’ என்று சோம்பேறிகளைத் திட்டுவது நம் வழக்கம். இந்தப் பழமொழியைச் சோதித்துப் பார்க்க ஏற்ற இடம் வடக்குத் தான்சானியாவில் இருக்கிறது. எயாசி ஏரிக்கரையில் வாழும் ஹாட்ஸா மக்களில் சில நூறு பேர் இன்னும் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் தேன் எடுத்தும் பிழைக்கிறார்கள். அவர்களுக்கு இதய நோய்க்கான அறிகுறிகள் மிகக் குறைவு. ஓயாமல் ஓடியாடுவதால்தான் இப்படி என்று எல்லாரும் நினைத்தார்கள். டேவிட் ரைக்லென், ஹெர்மன் பொன்ட்ஸர் முதலிய ஆய்வாளர்கள் அவர்களின் தொடையில் அசைவுமானிகளைக் கட்டி அளந்து, 2020இல் முடிவை வெளியிட்டார்கள். ஹாட்ஸாக்கள் விழித்திருக்கும் நேரத்தில் நாளுக்குச் சுமார் 9.9 மணி நேரம் சும்மாதான் இருக்கிறார்கள்! தொழில்மயமான நாடுகளில் வாழ்பவர்கள் சும்மா இருக்கும் நேரமும் ஏறக்குறைய அதுவே.

வேறுபாடு சும்மா இருக்கும் விதத்தில். ஹாட்ஸாக்களிடம் நாற்காலி கிடையாது. தரையில் காலை நீட்டுகிறார்கள், மண்டியிடுகிறார்கள், குந்துகிறார்கள். தசையில் மின்முனைகளை ஒட்டிப் பார்த்ததில், குந்தும்போது காலின் தசைகள் மெல்லிய வேலையில் இருப்பது தெரிந்தது. நாற்காலியில் அமர்ந்தால் அதே தசைகள் ஏறக்குறைய அடங்கிப்போகின்றன. இது ஏன் முக்கியம் என்றால், தசையில் உள்ள ரத்தக் குழாய்களின் உட்சுவரில் லைப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற நொதி இருக்கிறது. ரத்தத்தில் மிதந்து வரும் கொழுப்பைப் பிடித்து உடைத்துத் தசைக்குக் கொடுப்பது அதன் வேலை. எலிகளில் செய்த சோதனைகளில், தசை வேலையில்லாமல் கிடந்த சில மணி நேரத்திலேயே இந்த நொதி வெகுவாகக் குறைந்தது. கூலிக்கு ஆள் வராத நாளில் கடையைச் சாத்திவிடுகிற மாதிரி. குந்துகிறவரின் தசை கடையைப் பாதி திறந்தே வைத்திருக்கிறது. ஆக, ஹாட்ஸாக்கள் குந்தித்தான் தின்கிறார்கள்; குன்று மாளவில்லை.

உடனே எல்லாரும் நாற்காலியை எறிந்துவிட வேண்டியதில்லை. பெய்ஜிங் முதியோரிடம் செய்த ஓர் ஆய்வில், இளமையில் நாளுக்குப் பல மணி நேரம் குந்தியவர்களுக்கு முழங்கால் தேய்மானம் அதிகம் என்று தெரியவந்தது. யோகத்திலும் அபாயம் உண்டு. 1971இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு மாணவரின் கதை வந்தது. வஜ்ராசனத்தில், அதாவது குதிகாலின்மேல் மண்டியிட்டு, மணிக்கணக்கில் அமர்ந்திருந்தவருக்குப் பாதத்தைத் தூக்க முடியாமல் போய்விட்டது. முழங்காலுக்குக் கீழே பக்கவாட்டில் தோலுக்கு அருகே ஓடும் நரம்பு நசுங்கியதே காரணம். மருத்துவர்கள் அதற்கு யோகாவின் பெயரையே சூட்டினார்கள். ஹாட்ஸாக்கள் ஒரே நிலையில் மணிக்கணக்கில் இருப்பதில்லை. குந்துவார்கள், எழுவார்கள், வேறு மாதிரி உட்காருவார்கள். உடம்பு இந்த மாறுதலைக் கேட்கிறது. நானும் இந்தக் கட்டுரையை எழுதும்போது நடுநடுவே குந்திப் பார்த்தேன். ஒரு நிமிடத்தில் குதிகால் தரையைவிட்டு எழும்பிவிடுகிறது.

நீண்ட நேரம் அசையாமல் இருக்க விரும்பிய யோகிகள் இதற்கு ஒரு கருவி செய்துகொண்டார்கள். ஐயப்பன் படத்தை உற்றுப் பாருங்கள். முழங்கால்களைச் சுற்றி ஒரு பட்டை கட்டியிருக்கும். அது அலங்காரமல்ல. யோகப்பட்டம். முதுகையும் முழங்கால்களையும் சேர்த்துக் கட்டிவிட்டால் உடம்பின் பாரத்தைத் துணி தாங்கிக்கொள்ளும், தசை தளரலாம். சிவன் கோயிலின் தென்சுவரில் இருக்கும் தட்சிணாமூர்த்தியும் யோக வடிவில் இதைக் கட்டியிருப்பார். அவர் இருக்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும். மலை, மேலே கல்லால மரம், கீழே முனிவர்கள், சில சிற்பங்களில் மானும் பாம்பும். ஆசிரியர் வாய் திறப்பதில்லை. மரத்தடியில் உட்கார்ந்திருப்பதே பாடம்.

உட்கார்ந்த பிறகு மூச்சு. இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்தியும் கூட்டாளிகளும் 2001இல் செய்த ஒரு சிறு சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது. 23 பேர். அவர்களை லத்தீன் மொழியில் ஜெபமாலை மந்திரத்தைச் சொல்லவைத்தார்கள். பிறகு திபெத்தியர் சொல்லும் ‘ஓம் மணி பத்மே’ மந்திரத்தைச் சொல்லவைத்தார்கள். இரண்டு மதம், இரண்டு மொழி, ஒலியில் எந்த உறவும் இல்லை. ஆனால் இரண்டையும் சொல்லும்போது மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு முறையாக இறங்கி வந்து நின்றது. சாதாரணமாக நாம் விடுவது பன்னிரண்டுக்கு மேல். ஒரு சுற்றுச் சொல்லி முடிக்கப் பத்து வினாடி ஆகிறது, அதற்கு ஒரு மூச்சு.

பத்து வினாடியில் என்ன விசேஷம்? நம் ரத்த அழுத்தம் நேர்கோடாக இருப்பதில்லை. சுமார் பத்து வினாடிக்கு ஓர் அலையாக ஏறி இறங்குகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் இருக்கும் உணரிகள் அழுத்தம் ஏறினால் இதயத்தை மட்டுப்படுத்தும், இறங்கினால் முடுக்கும். இந்தச் செய்தி போய் வரும் தாமதத்தால் பிறப்பது அந்த அலை. மூச்சும் இதயத் துடிப்பை ஏற்றி இறக்கும். மூச்சின் தாளமும் இந்த அலையின் தாளமும் ஒன்றானால், ஊஞ்சல் திரும்பி வரும் நொடி பார்த்துத் தள்ளுவது போல, வீச்சு பெரிதாகிறது. பெர்னார்தியின் சோதனையில் உணரிகளின் கூர்மையும் கூடியது. ஜெபமாலையை உருட்டிய பாட்டிக்கும் மணிமாலை உருட்டிய பிக்குவுக்கும் இந்த உடலியல் தெரியாது. ஆனாலும் பல தலைமுறைகள் சொல்லிச் சொல்லித் தேய்த்து, உடம்புக்கு உவப்பான நீளத்துக்கு அந்தச் சொற்களைக் கொண்டுவந்திருக்கிறார்கள். இப்படித்தான் நடந்திருக்கும் என்பது என் ஊகம். ஒரு கைவினைஞன் உளியின் பிடியைத் தேய்த்துத் தேய்த்துக் கைக்குப் பொருத்துவதில்லையா?

இனி மரம். ஜப்பானிய வனத்துறையின் தலைவராக இருந்த தொமொஹிதே அகியாமா 1982இல் ‘ஷின்ரின்-யோகு’ என்ற சொல்லை உருவாக்கினார். தமிழில் வனக்குளியல். சொல் முதலில் வந்தது, அறிவியல் பின்னால் வந்தது. காட்டுக்கு ஆட்களை வரவழைக்கும் திட்டமாகத்தான் அது தொடங்கியது. இதைச் சொல்லாமல் வனக்குளியலை ஆயிரமாண்டுக் கீழைத்தேய ஞானமாக விற்பவர்கள் உண்டு. பின்னர் வந்த ஆய்வுகளில் பெரியது, பாக், மியாசாகி குழுவினர் 2010இல் தொகுத்தது. ஜப்பானின் 24 காடுகள், 280 மாணவர்கள். ஒரு நாள் காட்டில், மறுநாள் நகரத்தில். பாதிப் பேர் முதலில் காட்டுக்கு, பாதிப் பேர் முதலில் நகரத்துக்கு. கால் மணி நேரம் அளவில் உட்கார்ந்து பார்ப்பது, அதேபோல நடப்பது. வெறுமனே உட்கார்ந்து காட்டைப் பார்த்ததிலேயே எச்சிலில் இருந்த கார்டிசால் என்ற பதற்றச் சுரப்பு, நகரத்தில் உட்கார்ந்ததைவிட 13 சதவீதம் குறைவாக இருந்தது. நாடித் துடிப்பு 6 சதவீதம் குறைவு. ரத்த அழுத்தம் குறைந்தது இரண்டு சதவீதத்துக்கும் கீழே.

இந்த எண்களைப் பார்த்துத் துள்ளிக் குதிக்க வேண்டாம். மருந்துச் சோதனையில் போலி மாத்திரை கொடுக்கலாம். போலிக் காடு கொடுக்க முடியாது. காட்டில் இருப்பவருக்குத் தான் காட்டில் இருப்பது தெரியும், அது நல்லது என்று ஏற்கெனவே கேள்விப்பட்டும் இருப்பார். சிங் லீ என்ற மருத்துவர், மூன்று நாள் காட்டில் தங்கிய டோக்கியோ ஆண்களின் ரத்தத்தில் நோய் எதிர்ப்பு உயிரணுக்களின் வேகம் பாதியளவு கூடியதாகக் கண்டார். அவர்கள் பன்னிரண்டு பேர். மரங்கள் வெளியிடும் வாசனைப் பொருள்களைக் காரணமாகச் சொன்னார். இருக்கலாம். வேலைக்குப் போகாமல் மூன்று நாள் இருந்ததற்கும் பங்கு இருக்கலாமே.

யோகமும் மரமும் மானிடவியலாளரின் நோட்டுப் புத்தகமும் ஒரே இடத்தில் கூடியது டில்லிப் பூங்காக்களில். 1967இல் தொடங்கிய பாரதிய யோக் சன்ஸ்தான் என்ற அமைப்பு, காலை வேளையில் பூங்காக்களில் காசு வாங்காமல் யோகா கற்றுத்தருகிறது. முசூரி அருகே லாண்டூரில் பிறந்த அமெரிக்க மானிடவியலாளர் ஜோசப் ஆல்டர், 1990களில் இவர்களைப் பற்றி எழுதினார். அதற்கு முன் பனாரஸில் மல்யுத்தக்காரர்களோடு அகாடா என்ற பயிற்சிக் களத்தில் இறங்கி ஆராய்ந்தவர் அவர். அவர் கண்டதில் சுவையானது இது: பழைய யோகி ஊரைவிட்டுத் தனியே போனவர், இங்கே குமாஸ்தாக்களும் கடைக்காரர்களும் ஓய்வு பெற்றவர்களும் வரிசையாக விரிப்புப் போட்டு, ஒன்றாக மூச்சு விட்டு, ஒன்றாகச் சிரிக்கிறார்கள். உலகைத் துறக்கும் வழி, ஒரு பேட்டையின் சுகாதாரத் திட்டமாக மாறிவிட்டது. வருபவர்களைக் கேட்டால் தங்களுக்கு நீங்கிய நோய்களைச் சொல்வார்கள்.

நீக்கியது எது? தரையில் உட்கார்ந்ததா, மெதுவான மூச்சா, வேப்பமரத்து நிழலா, பக்கத்தில் தினமும் வந்து நலம் விசாரிக்கும் ஆளா? யோகா ஆசிரியரைக் கேட்டால் மூச்சு என்பார். வனக்குளியல் வழிகாட்டி மரம் என்பார். ஆல்டர் போன்றவர், நீங்கள் எல்லாரும் ஒருவரையொருவர் ‘நலமா’ என்று கேட்பதை முதலில் எழுதிக்கொள்வார். அதே ஆசனம், அதே மூச்சு. ஆனால் ஒரு குழு காட்டில், ஒரு குழு பூங்காவில், ஒரு குழு ஜன்னலில்லாத அறையில். பாதிப் பேர் தனியாக, பாதிப் பேர் கூட்டமாக. இப்படிப் பிரித்தால் கொஞ்சம் விளங்கும். செலவு அதிகமில்லை, பொறுமைதான் நிறைய வேண்டும்.

பிரித்துப் பார்க்கிற ஆசை நமக்குத்தான். ஹ்யூஸின் பட்டியலில் நைல் நதிப் பகுதி ஆயர்களின் நிலை ஒன்று உண்டு. கோலை ஊன்றி, ஒற்றைக் காலில் நின்று, மற்ற பாதத்தை முழங்காலில் வைத்து மாடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வகுப்பில் இதையே விருட்சாசனம் என்று சொல்லி நான் மூன்றாவது மூச்சில் தடுமாறுகிறேன். ஆயருக்கு அது சிகிச்சையுமல்ல, சாதனையுமல்ல. மாடு மேய்கிற நேரம்.

ஒற்றைக்கால் தவத்தை மாமல்லபுரத்துப் பாறையிலும் பார்க்கலாம். அர்ச்சுனன் தபசு என்றும் பகீரதன் தபசு என்றும் இரண்டு பெயர் சொல்லும் அந்தப் பெரிய புடைப்புச் சிற்பத்தில், விலா எலும்பு தெரிய மெலிந்த ஒருவர் கைகளை உயர்த்தி ஒரு காலில் நிற்கிறார். கீழே சிறு கோயிலின் முன் ஒரு முனிவர் அமர்ந்திருக்கிறார். சுற்றிலும் யானை, மான், சிங்கம், காடு முழுவதும். யானைக்குப் பக்கத்தில் ஒரு பூனையும் அதே தவக்கோலத்தில் கையைத் தூக்கி நிற்கிறது, காலடியில் எலிகள். ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி யோகத்தைச் செதுக்கியபோதே அதன் போலி வியாபாரத்தையும் செதுக்கிவிட்டான்.

போன முறை போயிருந்தபோது பாறைக்கு எதிரே நிழலில் பாசிமணி விற்கும் ஓர் அம்மா இருந்தார். அறுபதுக்கு மேல் இருக்கும். பக்கத்துக் கடைக்காரர் முக்காலியை நீட்டினார். “அதுல உக்காந்தா இடுப்பு வலிக்கும்பா” என்று தள்ளிவிட்டு, மணிகளைக் கோத்துக்கொண்டே குத்தவைத்திருந்தார். குதிகால் இரண்டும் மண்ணில் பதிந்திருந்தன.